தோட்டத்துக்குள்ள கைவிட்டுப்போன மெதடிஸ்த கோயில்: சுவர்ல பென்சில்ல எழுதியிருக்கிற நம்பர் என்னான்னு யாருக்காவது தெரியுமா?

பனிமூட்டம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். போன போயா லீவுக்கு அம்மா பொறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன், இலங்கை மலைநாட்டுல ஹட்டன்ல இருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரம், தோட்டத்து பேரு வேணும்னே போடல, காரணத்த கடைசியில சொல்றேன். மாமா மகன் ஒரு எடத்த காட்டுறேன்னு கூட்டிட்டு போனான். ஸ்டோருக்கு மேல ஒரு மலை, அங்க கொழுந்து எடுக்கிறத நிப்பாட்டி ரொம்ப வருஷம் ஆச்சாம், கவ்வாத்தே இல்லாம தேயிலை எல்லாம் மரமா வளந்து நிக்குது. அதுக்குள்ள மானாப்புல்ல வெலக்கிக்கிட்டு, அட்டைய தட்டிக்கிட்டு அர மணி நேரம் ஏறுனா கருங்கல்லுல கட்டுன சின்ன வேதக்கோயில் ஒண்ணு. அம்பது பேரு ஒக்காரலாம், அதுக்கு மேல எடம் இல்ல.

வாசல்ல நெலைக்கு மேல ஒரு கல்லு, இங்கிலீஷ் எழுத்து, பாசிய கையால தேச்சு பாத்தோம். "வெஸ்லியன்"னு ஒரு சொல்லு தெளிவா தெரியுது, கீழ கல்லு வச்ச தொரையோட பேரு, அதுக்கு கீழ வருஷம், ஆனா மூணாவது எழுத்து ஒடஞ்சு போச்சு. 19 இருக்கு, அப்புறம் ஓட்டை, அப்புறம் 8. உள்ள பென்ச் ஒண்ணும் இல்ல. முன் சுவருக்கு நடுவுல ஒசரமா மர மேடை மாதிரி ஒண்ணு இருந்திருக்கு, கறையான் தின்னுட்டு மூணு படி மட்டும் மிச்சம், அதுக்கு முன்னால முழங்கால் ஒசரத்துல கம்பி போட்ட அடையாளம். சிலுவை எங்கயும் இல்ல, அதுதான் எனக்கு வித்தியாசமா பட்டுச்சு. கூரைத் தகரம் பாதி கீழ கெடக்கு, ஒண்ண புரட்டிப் பாத்தா நீல மையில வட்டமா ஒரு முத்திரை, பிரிஸ்டல்னு வாசிக்க முடியுது. சுவர்ல நெஞ்சு ஒசரம் வரைக்கும் வெள்ளையா பூத்து, தொட்டா பூச்சு மாவா கொட்டுது, அதுக்கு மேல சுவரு நல்லா இருக்கு. ஏன்னு தெரியல.

இப்ப நான் கேக்க வந்த விசயம். பக்கத்துல ஒட்டுன மாதிரி ஒரு சின்ன அறை. கதவ கம்பியால கட்டி வச்சிருந்துச்சு, அவிழ்த்துட்டு போனோம், உள்ள காஞ்சு கெடக்கு, ஒழுகவே இல்ல. ஜன்னலுக்கு பக்கத்து சுவர்ல பென்சில்ல வரிசையா எழுதியிருக்காங்க, அழகான கையெழுத்து. ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி: "4/7 – 6" அப்படின்னு போட்டு பக்கத்துல தேதி. அடுத்தது "2/3 – 5", தேதி. "3/11 – 6", தேதி. எல்லாம் 1971ல இருந்து 1974 வரைக்கும். நான் பைபிள் வசனம்னு நெனச்சேன், அதிகாரம் வசனம் மாதிரி இருக்குல்ல, மாமா மகன் பாட்டு நம்பர்னு சொன்னான். ரெண்டும் சரியா வரல. கடைசி வரி மட்டும் வேற கையெழுத்து, பேனாவுல, தேதி மட்டும்தான், நம்பரே இல்ல.

வெளிய பத்து பதினோரு கல்லறை. ஒண்ண யாரோ தோண்டியிருக்காங்க, புதையல் இருக்கும்னு நெனச்சு போல. அதனாலதான் தோட்டத்து பேர போடல. கோயில் முன்னால ஒரு சைப்ரஸ் மரம், அதுல தண்டவாளத் துண்டு ஒண்ண கம்பி போட்டு தொங்க விட்டிருக்காங்க, மரம் பெருத்து கம்பிய முழுங்கி தண்டவாளத்தையும் பாதி முழுங்கிடுச்சு, பட்டை உதடு மாதிரி அத கவ்விக்கிட்டு இருக்கு. கல்லால தட்டிப் பாத்தேன், சத்தமே வரல.

இது யாரு கட்டுனது, எப்ப, ஏன் இப்படி விட்டுட்டு போனாங்க, அந்த எழுத்து என்னா. தெரிஞ்சவங்க சொல்லுங்க. தோட்டத்துல கேட்டா "வெள்ளக்காரன் கோயில்"னு மட்டும்தான் சொல்றாங்க.


கல்லடிக்காத்து:

தம்பி, நான் மட்டக்களப்பு, நாலு தலைமுறையா மெதடிஸ்த குடும்பம். நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அது மெதடிஸ்த கோயில்தான், சந்தேகமே இல்ல. நடுவுல ஒசரமா இருந்தது பிரசங்கபீடம். எங்கட ஆக்களுக்கு வசனம் சொல்றதுதான் முக்கியம் எண்டபடியா அத நடுவுல வைக்கிறது பழைய வழக்கம், அதுக்கு முன்னால முழங்கால்படியிட்டு திருவிருந்து எடுக்கிற கம்பி. கத்தோலிக்க கோயில் எண்டா வாசல்ல தீர்த்தத் தொட்டி வச்ச குழி இருந்திருக்கும், சுவர்ல சிலுவைப்பாதை படம் மாட்டின ஆணி இருந்திருக்கும். சிலுவை இல்லாததும் புதினம் இல்ல, அந்தக் காலத்து வெஸ்லியன் கோயில் கனக்க இப்பிடி வெறுஞ்சுவராத்தான் கட்டினவை.

வருஷத்துக்கும் ஒரு வழி இருக்கு. இங்கிலாந்தில வெஸ்லியன் சபையும் மற்ற ரெண்டு மெதடிஸ்த சபையும் 1932ல ஒண்டாகிற்று, அதுக்குப் பிறகு வெஸ்லியன் எண்ட பேர விட்டுட்டு வெறும் மெதடிஸ்த எண்டுதான் போட்டவை. ஆகவே 1938 ஆக இருக்க ஏலாது. 1908, 1918, 1928 மூண்டில ஒண்டு.

ஆனா உங்கட இடத்தில அது இருக்கிறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம், ஏன் எண்டு சொல்றன். எங்கட மிஷன் கடற்கரையில தொடங்கினது. தோமஸ் கோக் எண்டவர்தான் இங்கிலாந்தில இருந்து ஆக்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர், அவர் 1814 மே 3ம் தேதி கப்பல்லயே இறந்து போயிற்றார், கடல்லதான் அடக்கம். மிச்ச ஆக்கள் 1814 ஜூன் 29ம் தேதி காலியில வந்து இறங்கினவங்க. லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம், வில்லியம் ஓல்ட் எங்கட மட்டக்களப்பு, அவர் ஒரு வருஷம் கூட இருக்கல்ல, 1815ல செத்துப் போனார். கொழும்பு பெற்றாக் கோயில் 1816ல கட்டினது, ஆசியாவிலயே பழைய மெதடிஸ்த கோயில் அதுதான். மலைநாட்டுக்கு இவங்க ஏறினது கனகாலம் கழிச்சு, சாமுவேல் லாங்டன் எண்ட போதகர் கண்டியில பெண்கள் உயர் பாடசாலைய 1879லதான் தொடங்கினார். அதுக்குள்ள தோட்டமெல்லாம் அங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) ஆக்கள் போயிற்றாங்க. கோப்பிக் காலத்திலயே, 1854ல, தமிழ்க் கூலி மிஷன் எண்டு ஒண்டத் தொடங்கி திருநெல்வேலிப் பக்கமிருந்து உபதேசிமாரக் கூப்பிட்டு லயன் லயனா (தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடு) அனுப்பினவங்க. அதனால தோட்டத்தில நீங்க பாக்கிற பழைய கல்லுக்கோயில் கனக்க அவங்கடதான். தோட்டத்து நடுவில வெஸ்லியன் எண்டு கல்லு நிக்கிறது அபூர்வம். அந்தத் துரை மெதடிஸ்தனா இருந்திருப்பார் எண்டு நினைக்கிறன்.

ஒண்டு சொல்றன், ஞானஸ்நான இடாப்பு (பதிவேடு) கோயிலோட அழியிறதில்ல. ஒரு போதகருக்குக் கீழ நாலஞ்சு கோயில் சேந்ததுதான் ஒரு சேகரம், இடாப்பு சேகரத்திலதான் இருக்கும். கிட்ட இருக்கிற டவுன் மெதடிஸ்த கோயில்ல போதகரக் கண்டு பணிவாக் கேளுங்க. லண்டனுக்கு மிஷனரிமார் எழுதின கடிதமெல்லாம் அங்க சோவாஸ் பல்கலைக்கழக நூலகத்தில கிடக்கு. துரை ஆர் எண்டு பாக்க ஃபெர்குசன் டைரக்டரி, அதுல தோட்டம் தோட்டமா ஏக்கரும் துரைமார் பேரும் இருக்கும். ஆனா மற்ற ஆக்கள் பேரு அதுல இருக்காது. பென்சில் எழுத்து என்னண்டு எனக்கு விளங்கல்ல. வசனம் இல்ல, அது நிச்சயம்.


சுண்ணாம்புச்சாந்து:

நான் கட்டட வேலை செய்ற ஆளு, பழைய பங்களா ரிப்பேர் நெறைய பண்ணியிருக்கேன், அதனால சுவர பத்தி மட்டும் சொல்றேன். நெஞ்சு ஒசரம் வரைக்கும் வெள்ளை பூத்திருக்குன்னா அங்க உரம் அடுக்கி வச்சிருந்திருக்காங்க. மூட்டைய சுவரோட சாத்தி அடுக்குற ஒசரம் சரியா அதுதான். தேயிலைக்கு போடுற அமோனியம் சல்பேட் ஈரத்துல கரைஞ்சு சுண்ணாம்புச் சாந்துக்குள்ள எறங்கிடும், சுண்ணாம்போட சேந்து ஜிப்சமா மாறும், மழைக்கு ஊறி வெயிலுக்கு காஞ்சு ஒவ்வொரு தடவையும் உப்பு உள்ளயே பளிங்கு மாதிரி வளந்து பூச்ச வெளிய தள்ளும். நீங்க தொட்டா மாவா கொட்டுறது அதுதான். பழைய தோட்டக் கட்டடம் நெறைய இப்படித்தான் செத்துப்போச்சு, ஸ்டோர்ல எடம் இல்லன்னா கிட்ட எது காலியா இருக்கோ அதுல உரத்த போடுவாங்க.

தகரம் பிரிஸ்டல்னா அது பெரும்பாலும் லைசாட் கம்பெனியோட ஓர்ப் மார்க், அந்த கால தோட்டக் கட்டடத்துல நான் பாத்திருக்கேன், இப்ப வர்ற தகரத்த விட ரெட்டிப்பு கனம். தூக்கி பழைய இரும்புக்காரனுக்கு போட்டுடப் போறாங்க, ஒரு பக்கமா அடுக்கி வைங்க.

ஒரு விசயம் கையெடுத்து கும்பிட்டு கேட்டுக்கிறேன். யாராவது நல்ல மனசோட வந்து சீமெந்து பூசித் தர்றோம்னு சொன்னா விடாதீங்க. சுண்ணாம்பு சுவரு மூச்சு விடுற சுவரு, மேல சீமெந்து போட்டா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளுக்குள்ளயே நின்னு கல்லும் கல்லும் சேர்ற எடத்தையே தின்னுடும். மொதல்ல கூரைய மூடணும், தகரமோ தார்ப்பாயோ எதுவா இருந்தாலும் சரி. உப்ப தண்ணி அடிச்சு கழுவாதீங்க, கரைஞ்சு இன்னும் உள்ள போகும், காஞ்ச பிரஷ்ல தட்டி எடுத்து வெளிய கொண்டு போய் கொட்டுங்க. அந்த பென்சில் எழுத்துள்ள அறையில உரம் வைக்கல, அதனாலதான் அது தப்பிச்சிருக்கு. கதவ பழையபடி கட்டிட்டுத்தான வந்தீங்க?


பழைய வாத்தியார்:

தம்பி பனிமூட்டம், நீங்க எழுதினத என் மகள் ஃபோன்ல வாசிச்சு காட்டுச்சு, பொறகு நானே ரெண்டு தடவ வாசிச்சேன். தண்டவாளத்த மரம் முழுங்கிடுச்சுன்னு சொன்னீங்களே அந்த எடத்துல என்னால மேல வாசிக்க முடியல. அத ஞாயித்துக்கெழம காலையில அடிக்கிறது என் வேலை, பத்து வயசுல இருந்து. மொத மணி ஏழு, ரெண்டாவது ஏழரை. கீழ்ப்பிரிவு லயத்துக்கும் கேக்கும்.

எனக்கு இப்ப எழுவது வயசு. தோட்டத்து பேர நீங்க போடாததே நல்லது, நானும் போடல. வருஷம் 1908. எங்க அப்பா 1915ல பொறந்தவரு, அந்த கோயில்லதான் ஞானஸ்நானம் எடுத்தேன்னு சாகுற வரைக்கும் சொல்லுவாரு, அதனால மத்த ரெண்டு வருஷமும் வராது. எடமும் தகரமும் தொரை குடுத்தது. கல்லு ஆத்துல இருந்து நம்ம சனங்க தலையில சொமந்தது, எங்க தாத்தாவும் சொமந்தவரு. சாயந்திரம் நாலு மணிக்கு வேலை முடிஞ்ச பொறகு சொமக்கணும், அதுக்கு பேரு இல்ல, அரைப்பேரும் இல்ல, அதாவது முழு நாள் கூலியும் இல்ல, அரை நாள் கூலியும் இல்ல. செக்ரோல்ங்கிற வேலைப் பதிவுலயும் பேரு போடல, கல்லுலயும் பேரு போடல. தொரை பேரு மட்டும் நிக்குது. அதனாலதான் இப்ப உள்ள புள்ளைங்க வெள்ளக்காரன் கோயில்னு சொல்லுது. தொரை அவரு கட்டுன கோயிலுக்கு வருஷத்துல ரெண்டு தடவ வருவாரு. மிச்ச அம்பது ஞாயிறும் எங்க கோயில்தான் அது.

போதகர் ஐயா டவுன்ல இருந்து மாசத்துக்கு ஒருக்கா வருவாரு, மத்த நாள் எல்லாம் உபதேசியார்தான் நடத்துவாரு. அந்த சின்ன அறை அவரு அறை. வருஷத்து மொத ஞாயிறு உடன்படிக்கை ஆராதனைன்னு ஒண்ணு, அன்னைக்கு லயத்துல மாரியம்மன் கும்பிடுற சனங்களும் வெளிய நின்னு கேப்பாங்க, பொறகு எல்லாருக்கும் தேத்தண்ணியும் பணிஸும். நாங்க தீமிதிப்புக்கு போவோம், அவங்க நத்தாருக்கு வருவாங்க, அப்படி ஒரு காலம்.

இப்ப அந்த எழுத்து. வசனமும் இல்ல, பாட்டும் இல்ல தம்பி. மொத நம்பர் லயம். ரெண்டாவது நம்பர் காம்பரா, லயத்துல ஒரு குடும்பம் இருக்கிற அறை. கோட்டுக்கு பொறகு உள்ளது தலை. 4/7 – 6 ன்னா நாலாம் லயம், ஏழாம் காம்பரா, ஆறு பேரு. தேதி அவங்க இந்தியாவுக்கு போன தேதி.

1948ல பிரஜாவுரிமை சட்டம் வந்து, இந்தியாவுல இருந்து வந்த தோட்டத்து சனங்கன்னு நம்மள நாடு இல்லாதவங்களா ஆக்கிட்டாங்க. பொறகு 1964 அக்டோபர் 30ம் தேதி இங்க பிரதமரா இருந்த சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்து போட்டாங்க, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியா எடுக்கிறது, 3 லட்சம் பேருக்கு இங்க பிரஜாவுரிமை, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரத்த பொறகு பாப்போம்னு. 1974ல அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75 ஆயிரம்னு பிரிச்சுக்கிட்டாங்க. எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல. ஒரே வீட்டுல அண்ணனுக்கு அங்க, தம்பிக்கு இங்க. எங்க கோயில்ல ஏறக்கொறைய எல்லாரும் இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தவங்க, எங்க அப்பா மட்டும் இங்கதான்னு நின்னுட்டாரு, தாத்தா சொமந்த கல்லு இங்கதான இருக்குன்னு சொல்லுவாரு.

1971ல இருந்து ஒரு குடும்பம், ரெண்டு குடும்பமா போக ஆரம்பிச்சாங்க. கண்டியில இருந்த இந்திய ஆபீஸ்ல இருந்து கடுதாசி வரும், தகரப் பெட்டி வாங்குவாங்க, கோழிய அடுத்த காம்பராவுக்கு குடுப்பாங்க. கோச்சி ஏத்தி விட ஸ்டேஷனுக்கு எல்லாரும் போவோம், தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கேர்ந்து ராமேஸ்வரத்துக்கு கப்பல். கோச்சி நகர்றப்ப ஸ்டேஷனே ஒரே சத்தமா அழும். திரும்பி வந்து உபதேசியார் அறைக்கு போய் அந்த சுவர்ல ஒரு வரி எழுதுவாரு. ஏன் புஸ்தகத்துல எழுதலன்னு ஒரு நாள் கேட்டேன். புஸ்தகத்த சேகரத்துக்கு எடுத்துட்டு போயிடுவாங்க, சுவர யாரும் எடுத்துட்டு போக முடியாதுன்னாரு.

உரம் வச்சதும் உண்மைதான். 1975ல கம்பெனி தோட்டமெல்லாம் அரசாங்கம் எடுத்த பொறகு அப்ப இருந்த நிர்வாகம் காலியா கெடக்குன்னு மூட்டைய அடுக்குச்சு. நாங்க மூணு குடும்பம்தான் மிச்சம், போய் கேட்டோம், கேக்கல. அந்த அறைக்கு மட்டும் கம்பி போட்டு கட்டுனோம். நீங்க அவிழ்த்த கம்பி எங்க அண்ணன் கட்டுனதா இருக்கும்.


கோத்தகிரி தேயிலை:

ஐயா வணக்கம். நான் நீலகிரியில இருந்து எழுதுறேன், எங்க அம்மா அப்பா அங்கேர்ந்து வந்தவங்க, இங்க எங்கள சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. அண்ணா உங்க மொத பதிவுல 3/11 – 6 ன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க. இத அம்மாகிட்ட சும்மாதான் வாசிச்சு காட்டுனேன், ஐயா சொன்ன விளக்கத்தையும் சேத்து. தண்டவாளம், உள்ள மரப்படி, பக்கத்துல சின்ன அறைன்னு வாசிக்க வாசிக்க அம்மா தைக்கிறத நிறுத்திட்டாங்க. மூணாம் லயம் பதினோராம் காம்பரா எங்க வீடுன்னு சொன்னாங்க. தோட்டத்து பேரு அம்மா சொல்லிட்டாங்க, நான் இங்க போடல, ஐயாவுக்கு தனியா அனுப்பியிருக்கேன், சரியான்னு பாத்து சொல்லுங்க.

அம்மாவுக்கு அப்ப எட்டு வயசு. கப்பல் பேரு ராமானுஜம், அது மட்டும் மறக்கவே இல்ல, கப்பல்ல எல்லாரும் வாந்தி எடுத்தாங்களாம். கப்பல்ல வந்தவங்கள தங்க வச்ச மண்டபம் கேம்ப்ல (ராமேஸ்வரத்துக்கு பக்கத்துல) இருந்தப்ப அம்மாவோட பாட்டிக்கு காய்ச்சல் வந்து அங்கேயே இறந்துட்டாங்க. அதனால எங்ககிட்ட இருக்கிற எந்த காகிதத்துலயும் அஞ்சு பேருதான், ரேஷன் கார்டுல அஞ்சு, தோட்டத்துல வேலைக்கு பதிஞ்சதுல அஞ்சு. பாட்டிக்கு போட்டோ இல்ல. கேம்ப்ல எங்க புதைச்சாங்கன்னு தெரியாது. அந்த சுவர்ல மட்டும் ஆறுன்னு இருக்கு.

அண்ணா அந்த ஒரு வரிய மட்டும் கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா. அந்த 6 மட்டும் தெரிஞ்சா கூட போதும்.


மழைக்கோட்டு:

எல்லாத்தையும் வாசிச்சேன், மனசு கனத்துப் போச்சு. அடுத்த தடவ போறப்ப கவனிக்க வேண்டியத சொல்லிடுறேன், நான் தோட்டத்துலயே வேலை செய்றவன். காணி அரசாங்கத்தோடது, 1992ல இருந்து கம்பெனிங்க குத்தகைக்கு நடத்துறாங்க, அதனால தோட்ட ஆபீஸ்ல சொல்லாம போகாதீங்க, கடுதாசியில கேட்டு கடுதாசியில வாங்குங்க. கல்லறை இருக்கிறதால மண்வெட்டியோட யாராவது பாத்தா புதையல் தோண்டுறவன்னு பொலிஸுக்கு சொல்லிடுவாங்க. தோண்டி வச்ச கல்லறைய நீங்களே மூடாதீங்க, மொதல்ல போட்டோ எடுத்து கிராம சேவகருக்கு எழுதிக் குடுங்க.

கைவிட்ட கட்டடத்துல கூரைக்கு கீழ குளவிக்கூடு இருக்கும், கொழுந்து மலையில குளவி கொட்டி நம்ம பொம்பளைங்க எத்தனை பேரு செத்திருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், தகரத்த தட்டுறதுக்கு முன்னால நல்லா நிமிந்து பாருங்க. காலையில ஒம்போது மணிக்குள்ள பொகையும் சத்தமும் இல்லாம போங்க. கட்டடத்துக்கு மேல்பக்கம் மண்ணுல வெடிப்பு இருக்கா, மரம் சாஞ்சிருக்கான்னும் பாருங்க, 2014 அக்டோபர் 29ல மீரியபெத்தையில மலை எறங்கினத மறந்துடாதீங்க, மழை நாள்ல போகவே கூடாது.

தொல்லியல் திணைக்களத்த பத்தி யாராவது சொல்லுவாங்க. 1815 மார்ச் 2ம் தேதிக்கு முந்தி கட்டுனதுன்னா சட்டப்படி அதுவா பாதுகாப்புக்குள்ள வரும், இது 1908ங்கிறதால வர்த்தமானியில (அரசாங்க கெசட்) அறிவிச்சாத்தான் உண்டு. அதுக்கு எழுதிப் போடலாம், ஆனா அத நம்பி காத்துக்கிட்டு இருக்கக்கூடாது, அடுத்த தென்மேற்கு மழைக்கு அந்த அறை தாங்குமான்னு தெரியாது.


பனிமூட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, என்னா சொல்றதுன்னே தெரியல. நேத்து மறுபடி போனேன், இந்த தடவ தோட்ட ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு. மாமாவும் வந்தாரு. கதவ பழையபடியே கட்டிட்டுத்தான் வந்தேன் சுண்ணாம்புச்சாந்து அண்ணே, மேல தார்ப்பாய் ஒண்ணும் போட்டுட்டோம்.

கோத்தகிரி தங்கச்சி, போட்டோ அனுப்பிட்டேன். வெளிச்சத்த பக்கவாட்டுல புடிச்சா பென்சில் கோடு நல்லா தெரியுது. ஒங்க வரியில அந்த 6 மொதல்ல 5ன்னு எழுதி, பொறகு 6ன்னு திருத்தியிருக்கு, அழிக்காம மேலயே அழுத்தி எழுதியிருக்காரு. அம்மாகிட்ட கேளுங்க, பாட்டி போறதா இல்லையான்னு கடைசி நேரம் வரைக்கும் முடிவு இல்லாம இருந்துச்சோ என்னமோ.

நம்பர் உள்ளது மொத்தம் 31 வரி. தலைய கூட்டினா 163. மூணு தடவ கூட்டினேன். அம்பது பேரு ஒக்கார்ற கோயில் அது.

கல்லடிக்காத்து அண்ணே, டவுன்ல போதகர் ஐயாவ கண்டேன், நல்லா பேசினாரு, பழைய இடாப்பு பெட்டியில தேடிப் பாத்து சொல்றேன்னு சொல்லியிருக்காரு, அவருக்கு அப்படி ஒரு கோயில் மேல இருக்கிறதே தெரியல, போட்டோவ அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாரு.

வாத்தியார் சார், ஒரே ஒரு கேள்வி. கடைசி வரி. பேனாவுல, வேற கையெழுத்து, 1974 நவம்பர், லயமும் இல்ல, காம்பராவும் இல்ல, தலையும் இல்ல. அது யாரு?


பழைய வாத்தியார்:

அது உபதேசியார். அவருக்கு லயமும் காம்பராவும் இல்ல தம்பி, கோயிலுக்கு பின்னால தனி வீடு, இப்ப அத்திவாரம் கூட இருக்காது. அவரும் அவரு சம்சாரமும் போனப்ப நானும் எங்க அண்ணனும் ஸ்டேஷன் வரைக்கும் பெட்டி தூக்கிட்டு போனோம். அவரு சட்டைப் பையில எப்பவும் பென்சில் இருக்கும், கோச்சி ஜன்னல்ல கைய நீட்டி அத எனக்கு குடுத்தாரு. ஏன்னு சொல்லல, எனக்கு தெரியும். மேல ஏறி வந்து எழுதப் போனேன், எத்தனை பேருன்னு போடுறதுக்கு கை வரல, எங்க வீட்டுல பொறந்த ஆறு புள்ளைக்கும் பேரு வச்சவர ரெண்டு பேருன்னு எழுத முடியல. பென்சில சேப்புல போட்டுட்டு பேனாவுல தேதிய மட்டும் எழுதினேன். அப்ப எனக்கு பத்தொம்போது வயசு.

பென்சில் ரொம்ப நாள் இருந்துச்சு. 1977ல தமிழங்களுக்கு எதிரா நடந்த கலவரத்துல வீட்ட விட்டு ஓடினப்ப போச்சு.

கோத்தகிரி மகளே, தோட்டத்து பேரு சரிதான். 3/11 எனக்கு நல்லா தெரியும். அந்த பாட்டி நல்லா பாடும், கண்ணு மங்கலா இருந்தாலும் பாட்டுப் புஸ்தகம் இல்லாமலே முன் பென்ச்ல ஒக்காந்து எல்லா கீர்த்தனையும் பாடும், வெத்தலைய கோயில் படியில வச்சுட்டு உள்ள வரும், திரும்பி போறப்ப எடுத்துக்கும். திருத்தினது பத்தி நீங்க கேட்டது சரி தம்பி, பாட்டி வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு, பெட்டி தூக்குற அன்னைக்கு காலையிலதான் சேலைய மாத்திக்கிட்டு வந்து வாசல்ல நின்னுச்சு.

31 காம்பராவுலயும் யாரு யாரு இருந்தாங்கன்னு எனக்கு இன்னும் நெனைவு இருக்கு, ரெண்டு மூணு தவிர. நான் இருக்கிறப்பவே எழுதி வச்சுடணும். இப்ப என்னால அந்த மலை ஏற முடியாது, மூட்டு வலி. ஆனா எங்க வீடு டவுன்லதான், பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்து நிமிசம், விலாசம் தனியா அனுப்புறேன். ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு பத்தரைக்கு வந்துடுவேன். போட்டோ எல்லாத்தையும் பெருசா அடிச்சு எடுத்துட்டு, ஒரு கனமான கொப்பியும் கொண்டு வாங்க தம்பி. நாலாம் லயத்துல இருந்து ஆரம்பிப்போம்.